வாசலில் ஒரு விண்மீன் திரள்

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சராக இருந்தேன். வீடு அம்பாசமுத்திரத்தில். மாலையில் சிறப்பு வகுப்பும் என் தலையில்தான். அதை முடித்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனால் மகள் தூங்கியிருப்பாள். விடியுமுன் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள். பெற்ற பிள்ளை விழித்திருப்பதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்தவள் நான்.

எங்கள் பள்ளியிலேயே மாவட்ட அறிவியல் கண்காட்சி வந்தது. "பரிசு வாங்கிக் குடுங்க, சாயங்கால வகுப்ப வேற ஆள்ட்ட மாத்திருதேன்" என்றார் தலைமையாசிரியை. எங்களுக்கு அவர் பெரிய டீச்சர். அந்த ஒரு வாக்குக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

பத்திரிகையில் படித்த ஒரு சுருள் விண்மீன் திரளைத் தேர்ந்தெடுத்தேன். மற்றவை நிதானமாக நட்சத்திரங்களை உண்டாக்க, இது மட்டும் கண்மண் தெரியாமல் பெற்றுத் தள்ளுகிறது. இதே வேகத்தில் போனால் உள்ள வாயுவெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். படித்ததும் அதன்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது. பாவம், அதற்கும் யாரோ சிறப்பு வகுப்பு போட்டிருக்கிறார்கள்.

தெர்மாகோலை வெட்டி ஒட்ட நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. மார்கழி மாதம்; பிள்ளைகளுக்குக் கோலப்பொடியில் கை பழகிக் கிடந்தது. எங்களுக்கு ஒதுக்கிய அறை சிறியது என்பதால் வெளியே வராந்தாவில், வாசலை ஒட்டி, கரித்தூள் பரப்பி அதன்மேல் வரைந்தார்கள். சுருள் கைகளுக்கு வெள்ளைப் பொடி, நட்சத்திரம் பிறக்கும் இடமெல்லாம் ரோஸ் பொடி. அவ்வளவு அழகாக இருந்தது. வாசலை மறைக்க வேண்டாமென்று விளக்கம் சொல்லும் பிள்ளைகளோடு நான் அறைக்குள் நின்றேன்.

நடுவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். வாசல் கோலத்தை யாராவது மிதிப்பார்களா? வேட்டியைத் தூக்கிப் பிடித்து, சுவரோடு சுவராக ஒட்டி, துளிப் பொடி கலையாமல் உள்ளே வந்து சேர்ந்தார்கள்.

"இங்கன ஒண்ணையும் காணலியே டீச்சர்?"

"நீங்க சுத்தி வந்தீங்களே சார், அதான். அது விண்மீன் திரள்."

மூத்தவர் வெளியே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நல்லா சமாளிக்கீங்க டீச்சர். கோலத்தக் காட்டி எங்கள ஏய்க்கப் பாக்கீங்களே!"

நான் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். அங்கே பாபநாசம் அணையின் மாதிரியில் நிஜத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பரிசும் அதற்குத்தான்.

சாயங்காலம் பெரிய டீச்சர் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பரிசு கெடக்கட்டும். வந்தவங்க எல்லாரும் வாசல் கோலத்தத்தான் புகழ்ந்துட்டுப் போறாங்க. இனிமே ஆண்டு விழா, சுதந்திர தினம், எல்லாத்துக்கும் கோலம் உங்க பொறுப்பு. சாயங்கால வகுப்பு முடிஞ்சதும் பைய இருந்து போட்டுட்டுப் போங்க."

"சரி டீச்சர்" என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.