பிறர் கையில் பார்த்த கடிகாரங்கள்

என்னிடம் ஒரு காலத்தில் ஒன்பது கைக்கடிகாரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நானாக ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஒவ்வொன்றையும் முதலில் வேறு யாராவது கட்டியிருக்கப் பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து மனசு ஒரு நிலையில் இருக்காது. அப்புறம் எப்படியாவது வாங்கிவிடுவேன். வெளியில் யாருக்கும் இது தெரியாது. கடிகாரத்தில் எனக்கு நல்ல ரசனை என்று தோட்டத்தில் பேர்.

மலாயாவில் தெப்ராவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெசராக, அதாவது மருந்து கட்டுபவனாக, வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரி என்று பலகை மாட்டிய நீளமான தகரக் கொட்டகை, பன்னிரண்டு கட்டில், ஒரு மருந்து அறை, நான். டாக்டர் ஜொகூர் பாருவிலிருந்து மாதம் இரண்டு தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மீதி நாட்களில் காய்ச்சலும் கழிச்சலும் கால் புண்ணும் என் பொறுப்பு. நாடி பார்க்க என்னிடம் ஒரு பைக் கடிகாரம் இருந்தது. ஒரு கையால் நோயாளியின் கையைப் பிடித்து, மறு கையால் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, மூடியைக் கட்டை விரலால் திறப்பேன். அந்த மூடி டக்கென்று திறக்கும் சத்தத்துக்கே பாதிப் பேர் பயந்து மருந்தைக் குடித்துவிடுவார்கள். எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை.

ஐரோப்பியச் சண்டை முடிந்த மறு வருஷம் எங்கள் தோட்டத்துக்கு ஒரு சின்ன துரை வந்தார். பட்டாளத்தில் இருந்தவர். இடது மணிக்கட்டில் தோல் வாரில் கடிகாரம் கட்டியிருந்தார். அதுவரை நாங்கள் கைக்கடிகாரத்தைப் பெரிய துரையின் மனைவி கையில் மட்டுமே பார்த்திருந்தோம். ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல உயரம், ஒடிசலான தேகம், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தவர். அவர்தான் முதலில் சிரித்தார்.

"பாத்தீங்களோ டிரெசர், சின்ன துரை காப்புப் போட்டிருக்கிறார்" என்றார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆறு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நான் போனபோது, அதே கிராணியார் பேர்ப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்து விட்டிருந்தார். மணிக்கட்டில் வட்டமாக ஒரு கடிகாரம்.

அது வெறும் கடிகாரம் இல்லை. இருட்டில் ஒளிரும் எண்களும் முட்களும் அதில் இருந்தன. அதைக் காட்டுவதற்காக அவர் ஒவ்வொருவராக ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கும் ஸ்டோருக்குள் கூட்டிப்போய், பட்டப்பகலில் கதவைச் சாத்துவார். உள்ளே "ஓ" என்று ஒரு சத்தம் கேட்கும். கங்காணிகள் போனார்கள், தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார் போனார், மாட்டு வண்டிக்காரர் போனார். என்னையும் கூப்பிட்டார். போனேன். புகை வாடையும் ரப்பர் வாடையும் கலந்த அந்த இருட்டில் பச்சையாகப் பன்னிரண்டு புள்ளிகள் மிதந்தன. மற்றவர்களைப் போல எனக்கு வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

"என்ன டிரெசர், பேச்சைக் காணேல்லை?" என்றார் இருட்டிலிருந்து.

"நல்லாருக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த லீவு நாளில் ஜொகூர் பாருவுக்குப் போய், படகு ஏறிச் சிங்கப்பூர் போனேன். அப்போது கடல் பாலம் கட்டி முடியவில்லை. கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கடிகாரம் வாங்கினேன். ஒளிரும் கடிகாரம் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வெள்ளை முகமும் கறுப்பு எண்களும் உள்ள சாதாரணமான ஒன்று கிடைத்தது. வீட்டில் மனைவியிடம், "நாடி பாக்க ரெண்டு கையும் வேணுமில்ல, அதுக்காகத்தான்" என்று காரணம் சொன்னேன். காரணம் உண்மைதான். நான் வாங்கியது அதற்காக இல்லை என்பதும் உண்மைதான். மறுநாள் கிராணியார் அதைப் பார்த்து, "நல்லது, நல்லது, உங்கட வேலைக்கு இது உதவும்" என்றார். அந்த வார்த்தையில் ஒரு குறையும் இல்லை. அன்று முழுக்க அது என்னை உறுத்தியது.

அப்படித்தான் தொடங்கியது. இரண்டாவதாக ஒளிரும் கடிகாரம் ஒன்று வாங்கினேன். அதற்குள் அவர் சதுர முகம் வைத்த ஒன்றுக்குப் போயிருந்தார். நான் சதுரம் வாங்கினேன். பக்கத்துத் தோட்டத்து டிரெசர் ஒரு கலியாணத்துக்கு விநாடி முள் தனி வட்டத்தில் ஓடும் கடிகாரத்தோடு வந்தார். மூன்று மாதத்தில் அதே மாதிரி என்னிடம் இருந்தது. கோத்தா திங்கியிலிருந்து வந்த ஒரு மர வியாபாரி கட்டியிருந்தது ஒன்று. பாலம் திறந்த பிறகு சிங்கப்பூர் போவது சுலபமாகிவிட்டது. எனக்கு அது நல்லதாகப் போகவில்லை.

பிஸ்கட் தகர டப்பா ஒன்றில் ஆஸ்பத்திரிப் பஞ்சை விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தேன். அந்த ஈரக் காற்றில் தோல் வாரில் வாரா வாரம் பூஞ்சணம் பூக்கும். மழைக்காலத்தில் முகத்தில் பழுப்புப் புள்ளி விழும். ஒன்றுக்கு முள் துருப்பிடித்து, சரியாக நாலு மணிக்கு நின்றுகொள்ளும். தினமும் காலையில் எல்லாவற்றுக்கும் சாவி கொடுப்பேன். ஒன்று சொல்லும் நேரத்தை இன்னொன்று சொல்லாது. தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் பிள்ளை பிறந்தால் ஜாதகத்துக்கு நேரம் கேட்டு என் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஒரு தடவை ஒரு தகப்பன் வந்து நின்றபோது, டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு நான் விழித்தேன். என் மனைவி உள்ளேயிருந்து, "எந்த நேரத்துல பொறந்தா ராசாவா வருவானோ அதைச் சொல்லி அனுப்புங்க, எல்லா நேரமும்தான் கையில இருக்கே" என்றாள்.

சதுரக் கடிகாரத்துக்குப் பிறகு கிராணியார் வாங்கியதுதான் என்னை ஒரேயடியாகக் கவிழ்த்தது. நீள்சதுரம். மணிக்கட்டின் வளைவுக்கு ஏற்றபடி லேசாக வளைந்தது. வெள்ளி நிற முகம், அதில் மயிரிழை போல எண்கள், தேன் நிற வார். அவருடைய மெலிந்த நீண்ட கைக்கு அது அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. சிங்கப்பூரில் நான் தேடாத கடை இல்லை. அதே போல ஒன்று கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட அது மாதிரி என்று இரண்டு வாங்கினேன். இரண்டும் கிட்டத்தட்டத்தான் இருந்தன.

ஒரு வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு மலேரியா கண்டது. தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். உடம்பு கொதித்தது, கண் திறக்கவில்லை. நான் குயினைன் கொடுத்து, ஈரத் துணி போட்டு, நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். கடிகாரம் இருந்தது. நோயாளியின் சாமானைக் கழற்றிப் பத்திரப்படுத்துவது என் வேலை. கழற்றினேன். மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் அலமாரியைத் திறந்து அதை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

மூன்று நாள் கட்டியிருந்தேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது மனைவி பார்த்துவிட்டாள்.

"அது கிராணியார் கடியாரம்தானே?"

"பத்திரமா இருக்கட்டும்னு கட்டியிருக்கேன்."

"அலமாரிப் பூட்டு கெட்டுப் போச்சா?"

நான் சோற்றுத் தட்டை இழுத்துக்கொண்டேன். அவளும் மேலே கேட்காமல் குழம்பை ஊற்றினாள்.

இரண்டாம் நாள் சாயந்தரம் அவருக்குக் காய்ச்சல் மிகவும் ஏறியது. அவர் கையைப் பிடித்து, அவர் கடிகாரத்தைப் பார்த்தே அவர் நாடியை எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போது, இவர் எழுந்திருக்காமல் போனால் இது யாருக்குப் போகும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்றுதான் எழுத முடிகிறது. நான் நினைத்தேன் என்று எழுதக் கை வரவில்லை. எண்ணிக்கை தவறிவிட்டது. முதலிலிருந்து மறுபடி எண்ணினேன். அன்று அவர் கட்டிலைவிட்டு நான் நகரவில்லை. அது பயத்தில் செய்தது. அன்பு என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் ஒரு தொழிலாளியின் காலில் புண்ணைக் கழுவும்போது மருந்துத் தண்ணீர் வாளிக்குள் கையை விட்டுவிட்டேன். கடிகாரம் கையில் இருந்தது நினைவில்லை. எடுத்துப் பார்த்தபோது கண்ணாடிக்கு உள்பக்கம் மூச்சுவிட்டது போலப் புகை படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் அந்தப் புகை தங்கிவிட்டது.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தவுடன், "என்ர மணிக்கூடு எங்கை?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் கடிகாரத்தை அப்படித்தான் சொல்வார்கள். எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளுக்குப் புகார் பிடிச்சிருக்கு."

"வேர்வைதான் ஐயா. அவ்வளவு வேர்த்துச்சு உங்களுக்கு."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "ஓம், வேர்த்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டார். கை இளைத்திருந்ததால் கடிகாரம் சுற்றிக்கொண்டு உள்பக்கம் போனது.

அதற்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் பாதி மரத்தில் பால் வெட்டுவதை நிறுத்தினார்கள். லயம் லயமாக ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். ஆபீசிலும் ஆள் குறைத்தார்கள். பெரிய கிராணியாரை ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது கடிகாரத்தை விற்பாரோ என்பதுதான். இதை மறைத்துப் பிரயோசனமில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் காலையில் சொல்லிக்கொண்டு போக என் வீட்டுக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் என் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. மனைவி காப்பி கொடுத்தாள். பேச்சுக்கு நடுவில், "உங்களிட்ட நிறைய மணிக்கூடு இருக்காமே, காட்டுங்கோ பாப்பம்" என்றார். டப்பாவைக் கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்தார்.

"இது எங்கட சின்ன துரை கட்டினது மாதிரி. இது என்ர முதல் மணிக்கூடு மாதிரி. சதுரமும் இருக்கு. இது அந்த மர வியாபாரியின்ரை மாதிரி, என்ன?" எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. கடைசியில் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "இதிலை உங்களுக்குப் பிடிச்சது எது?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஒன்பதையும் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை.

"நீங்க பழசையெல்லாம் வச்சிருக்கலையா?" என்று பேச்சை மாற்றினேன்.

"நான் எப்பவும் ஒண்டுதான் வச்சிருந்தனான். புதுசு வாங்கினால் பழசைத் தம்பிமாருக்கு அனுப்பிப் போடுவன்."

இத்தனை வருஷமும் அவர் பெட்டி நிறைய அடுக்கி வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவரிடம் இல்லாத ஒரு குவியலோடு நான் போட்டி போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது என்னை அறியாமலே வாய் திறந்துவிட்டது.

"ஐயா, அன்னைக்கு அது வேர்வை இல்ல. நான்தான் கட்டியிருந்தேன். தண்ணியில விட்டுட்டேன்."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"காய்ச்சல் வருத்தத்திலை என்ர கை மெலிஞ்சு போச்சு. ஆனால் வாரிலை ரெண்டு ஓட்டை தள்ளிப் புதுசா மடிப்பு விழுந்திருந்தது. தடிச்ச கையிலை கட்டினால்தானே அப்பிடி விழும்?" காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "உயிரைக் காப்பாத்தின மனுசனிட்ட அதைக் கேட்டுச் சண்டை பிடிக்கிறதோ எண்டு விட்டிட்டன்."

அந்தக் கடிகாரத்தை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. விற்கவுமில்லை. கட்டிக்கொண்டே போனார். சிங்கப்பூரில் கொழும்புக் கப்பலில் ஏறினார். அன்று என் வீட்டு வாசலில் நின்று வழியனுப்பியபோது, தலைக்கு மேல் கும்பிட்ட அந்தக் கையில்தான் என் கண் போனது.

சில வாரம் கழித்து மனைவியையும் கூட்டிக்கொண்டு ஜொகூர் பாரு கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே கடிகாரம் பழுது பார்க்கும் சீனர் ஒருவர் பழைய கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வேறு கொடுப்பார். ஐந்தை அவர் முன்னால் வைத்தேன். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். இரண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

"மானா சத்து சுக்கா?" எது பிடிக்கிறது என்று மலாயில் அவரும் அதையே கேட்டார்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இது" என்று சின்ன வட்டமான ஒன்றைத் தொட்டாள். அவ்வளவுதான். கட்டிப் பார்த்தாள், கையைத் திருப்பினாள், முடிந்தது. அவளுக்குக் கடிகாரத்தில் ஆசை இருந்ததே எனக்குத் தெரியாது. நான் ஒன்றைத் தொடுவேன், இதை யாரிடம் பார்த்தோம் என்று நினைவு வரும், வைத்துவிடுவேன். கடைசியில் எதையும் எடுக்காமல், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கிராணியார் மேல்கூட எனக்கு அத்தனை எரிச்சல் வந்ததில்லை. கடிகாரம் நன்றாக இருந்தது என்பதற்காக இல்லை. ஒரு நிமிடத்தில் "இது" என்று சொல்லிவிட்டாளே, அதற்காக.

மறு மாதம் தனியாகப் போய், மத்தியானம் வரை அந்தக் கடையில் உட்கார்ந்திருந்து, பழுப்பு முகம் வைத்த ஒன்றை எடுத்தேன். அதை யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. பிடித்திருக்கிறதா என்று அப்போது கேட்டிருந்தால் தயங்கித்தான் சொல்லியிருப்பேன். கட்டிப் பழகினேன். டப்பாவில் மிச்சமிருந்த நாலில் இரண்டைத் துரு தின்றது. மூன்றாவதைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொடுத்தேன். நாலாவது டப்பாவிலேயே கிடந்தது.

விலை தேறிய பிறகு ஆபீசுக்குப் புதுக் கிராணி ஒருவர் வந்தார். இளம் வயது. கடிகாரத்துக்குத் தோல் வாருக்குப் பதிலாக உலோகப் பட்டை, வெயிலில் மீன் செதில் மாதிரி மின்னியது. அன்று வீட்டுக்கு வந்ததும் அது எப்படி இருந்தது, பட்டை எப்படி மடங்கியது என்று ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னேன். அதுவரை இந்த மாதிரி எதையும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"வாங்கணுமா?"

"தெரியல. நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.