ஒன்பதரை மணிக்கு வராத லாரி

எழுபத்தொன்றில், எங்கும் யுத்தப் பேச்சாக இருந்த மாதங்களில், மாரண்டஹள்ளியில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். புள்ளியியலில் பட்டம் வாங்கியிருந்தேன். வேறு வேலை கிடைக்கவில்லை. மண்டி முதலாளி பெங்களூரில் ஒரு ராணுவ டிப்போவுக்குத் தினமும் லாரியில் காய்கறி அனுப்ப ஒப்பந்தம் எடுத்திருந்தார். அந்த லாரியில் எங்கள் தோட்டத்துத் தக்காளியும் போகும்.

லாரி நேரத்துக்கு வருவதில்லை என்று டிப்போவிலிருந்து புகார் வந்தது. வந்த நேரங்களை ஆராய்ந்து அறிக்கை தரச் சொல்லியிருந்தார்கள். முதலாளிக்குச் சந்தோஷம். "உன் படிப்புக்கு இப்பத்தான் கண்ணு வேலை வந்திருக்குது" என்றார்.

டிப்போ கேட்டில் கொடுத்த சீட்டுகளை எடுத்து, நேரங்களை வரைபடத் தாளில் புள்ளிகளாக வைத்தேன். நடுவில் ஒன்றுமேயில்லை. விடிந்த கையோடு ஒரு குவியல், உச்சி வெயிலுக்குப் பிறகு இன்னொரு குவியல். காரணத்தை டிரைவர் சொன்னார். ஓசூர் தாண்டி ராணுவ வண்டிகள் வரிசையாக, கான்வாயாக வரும் நாட்களில், மற்ற லாரிகளையெல்லாம் போலீஸ் ஓரங்கட்டிவிடும். இரண்டு விதமான நாட்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், கான்வாய் நாட்களில் எங்கள் லாரிக்கு வழி விடச்சொல்லிச் சீட்டு ஒன்று தந்தால் போதும் என்று எழுதி, முதலாளியையும் கூட்டிக்கொண்டு நானே டிப்போவுக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த கேப்டன் மரியாதையானவர், டீ வரவழைத்தார். வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, சராசரி என்ன என்று கேட்டார். ஒன்பதரை என்றேன். உடனே குறித்துக்கொண்டார். ஒன்பதிலிருந்து பத்துக்குள் மட்டும் சரக்கு இறக்கலாம் என்று அங்கேயே உத்தரவு தயாரானது.

"சார், ஒன்பதரைக்கு ஒரு நாள்கூட லாரி வந்ததில்லை" என்றேன்.

அவர் சிரித்தார். சராசரி என்றாலே அப்படித்தான், நாளாக ஆக வண்டி அதற்குப் பழகிவிடும் என்று ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினார். மூன்று வருடம் நான் படித்ததை, எனக்கே தப்பாக. மேலே பேசினால் ஒப்பந்தம் போய்விடுமோ என்ற பயத்தில் முதலாளி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அதன்பின் சீக்கிரம் போன லாரி கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றது. தாமதமாகப் போனது திரும்பி வந்தது. ஒருநாள் நானும் கூடப் போனேன். ஓசூர் தாண்டியதும் போலீஸ்காரர் கையைக் காட்டினார். ராணுவ வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. சிப்பாய்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். டிரைவரும் அசைத்தார்.

"நம்ம லோடு இவுங்களுக்குத்தானுங்க போவுது. இவுங்களே நிறுத்தி வெச்சா யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. கூடைகளின் அடியில் சாறு கசிய ஊர் திரும்பினோம். நசுங்கியதை அப்பா மாட்டுக்குப் போட்டார். திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

இரண்டாவது அறிக்கை எழுதினேன். பதிலில்லை. யுத்தம் முடிந்து கான்வாய் குறைந்ததும் எங்கள் லாரி தினமும் விடியலிலேயே போய், ஒன்பது மணிவரை கேட்டில் காத்துக் கிடந்தது. தாமதம் அடியோடு நின்றுவிட்டது, நேரம் நிர்ணயித்ததன் பலன் இது என்று டிப்போவிலிருந்து பாராட்டு வந்தது. என் அறிக்கைக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள்.

முதலாளி அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். கூடை இறக்க வந்திருந்த அப்பா, "நல்ல சேதிதானுங்களா?" என்று அவரைக் கேட்டார்.

"நல்ல சேதிதான். பையனை மெச்சி எழுதியிருக்காங்க."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். போய்க் கூடைகளை இறக்கினேன்.