வெள்ளை நீக்காத தோல்

மது மறுப்போர் மன்றத்தின் ஆண்டு மலர் தன் பொருளாளரை இப்படி வர்ணிக்கிறது: "மதுவின் வாடைகூடப் படாத இல்லத்தின் தலைவி." புகைப்படத்தில் அந்த அம்மாள் அதற்கேற்ற முகத்தோடுதான் இருக்கிறார். மலர் அச்சான வாரத்தில் அவர் வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் மூன்று ஜாடி ஜின் ஊறிக்கொண்டிருந்தது. ஒன்றில் பிளம்ஸ், ஒன்றில் பேரிக்காய், ஒன்றில் ஆரஞ்சுத் தோல்.

அதற்காக அவரைப் போலி என்று சொல்லிவிட முடியாது. பொருளாளரம்மா ஒரு சொட்டுகூடக் குடித்தவரல்ல. ஊறியது போதுமா என்பதைக்கூட முகர்ந்துதான் பார்ப்பார். நாக்கில் வைக்க மாட்டார். கொள்கை என்றால் கொள்கை.

எல்லாம் கணவரின் மூக்குக்காக. ரொட்டிக்கடையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ரொட்டி வெந்துவிட்டதா என்று கதவைத் திறக்காமல் வாசத்திலேயே சொல்லிவிடுவார். ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரொட்டி கருகத் தொடங்கியதும் முதலாளி அவரைக் கல்லாவில் உட்காரவைத்தார். அதற்குப் பிறகு வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் ரொட்டிக்காரர் "நல்லாயிருக்கு" என்றார். தட்டு வந்ததும் நாலு குறை சொல்லாமல் கை வைக்காத மனுஷர். அந்த "நல்லாயிருக்கு"தான் பொருளாளரம்மாவுக்குத் தாங்கவில்லை.

அழுத்தமான வாசனைகளைத் தினமும் முகர்ந்து பழகச் சொன்னார் மருத்துவர். பூ, சோப்பு, காப்பித்தூள், எதுவும் எடுபடவில்லை. பழத்தின் மணத்தை முழுசாக இழுத்து வைத்துக்கொள்வது ஜின்தான் என்று சொன்னவன் பொருளாளரம்மாவின் தம்பி. பாட்டிலைச் செருப்பு டப்பாவில் வைத்துக் கொண்டுவருபவனும் அவனே.

"உங்க மன்றத்துக்குத் தெரிஞ்சா என்னக்கா ஆகும்?"

"உன் பேரைச் சொல்லிடுவேன். மூஞ்சியப் பாத்தே நம்பிடுவாங்க."

பிளம்ஸை முள்கரண்டியால் குத்தி, சர்க்கரை போட்டு, ஜின்னை ஊற்றி இருட்டில் வைப்பார். காலையில் எழுந்ததும் ஜாடிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து நிமிர்த்துவார். ஆரஞ்சுதான் படுத்தும். தோலின் உட்பக்க வெள்ளையைக் கத்தியால் சுரண்டி எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால் கசப்பு இறங்கிவிடும்.

சாயங்காலம் சின்ன டம்ளரில் கொஞ்சம் கொடுப்பார். ரொட்டிக்காரர் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். சிவப்பு. ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆகா, பிளம்ஸ். மணம் தூக்குது" என்பார். பொருளாளரம்மாவுக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவாது.

ஆரஞ்சு ஜாடி திறந்த அன்று கதை மாறியது. அந்த ஜாடியைப் போட்ட காலையில், மதுவின் தீமைகள் பற்றி மன்றத்தில் பேச வேண்டியிருந்த அவசரத்தில், அவர் வெள்ளையைச் சுரண்ட மறந்திருந்தார். முகர்ந்து பார்த்தபோது மணம் பிரமாதமாகவே இருந்தது. கசப்பு மூக்கின் இலாகா இல்லையே.

ரொட்டிக்காரர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"என்னம்மா இது, இப்படிக் கசக்குது? வெள்ளையச் சுரண்டுனியா இல்லையா?"

மணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லாததைப் பொருளாளரம்மா கவனித்தார். "அப்ப பிளம்ஸ்?"

"கலரப் பாத்துச் சொன்னேன்."

"பேரிக்கா?"

"அதுக்குக் கலரே இல்ல. அதான் பேரிக்கான்னேன்." டம்ளரைக் கையில் உருட்டினார். "தெனம் அந்த ஜாடிங்களக் கொழந்தையப் புரட்டிப் போடுற மாதிரி புரட்டுற. ஒண்ணுமே தெரியலன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"இது?"

"இது நெசமாவே கசக்குது." இன்னொரு வாய் குடித்தார். "த்தூ. ஆரஞ்ச இப்படிக் கொல்ல உன்னாலதான் முடியும். சர்க்கரையும் பத்தல. டம்ளர் ஓரம் வேற விண்டிருக்கு. சரி, இன்னும் கொஞ்சம் ஊத்து."

குறைகள் சாப்பாடு முடியும்வரை நீண்டன. பொருளாளரம்மா ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாமல், கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மோப்பம் திரும்பவில்லை. அடுத்த ஜாடிக்குப் பொருளாளரம்மா ஆரஞ்சுத் தோலை வெள்ளையோடு சேர்த்தே சீவிப் போட்டார்.