மூன்று ஜக்குத் தண்ணீர்

அழைப்புக் குரல் எழுந்ததும் ஹாமியோரா அகப்பையை உயர்த்திப் பிடிப்பார். எங்கள் பொதுக்கூடத்தின் அடுக்களை அடங்கிவிட வேண்டும். கிழங்கு சீவுகிறவர்கள் கத்தியை நிறுத்த வேண்டும்; தட்டு கழுவுகிறவர் குழாயை மூட வேண்டும். இடது காதை ஜன்னல் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, முற்றத்தின் அந்தக் கோடியில் நின்று விருந்தாளிகளை வரவேற்கும் பெண்குரலைக் கடைசி மூச்சு வரை கேட்பார். பிறகு கண்ணைத் திறந்து, "ரெண்டு ஜக்கு" என்பார்.

ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் ஜக்கு அது. ஒரு சின்ன பஸ்ஸில் வரும் கூட்டத்துக்கு ஒரு ஜக்கு என்பது அவர் வைத்திருக்கும் அளவு. தண்ணீர் அண்டாவில் விழுந்ததும் தனியே வேகவைத்திருந்த பன்றி எலும்பு அதன் பின்னால் விழும். பிறகு கிழங்கு, கீரை, கடைசியில் மாவு உருண்டைகள். வந்தவர்கள் மூக்கோடு மூக்கு வைத்து வணங்கி, இரு தரப்பும் பேசி முடித்து, சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும் நேரத்தில் சூப் பதமாக இருக்கும். ஒரு கிண்ணம்கூடக் குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த இனக்கூட்டத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரமே ஒரு துக்கம். கூடத்தின் பின்னால் தயங்கி நின்ற என்னைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அழத் தெரியுமா, சீவத் தெரியுமா?" சீவத் தெரியும் என்றேன். கத்தி வந்துவிட்டது. அன்று முதல் அவருக்கு இடப்புறம், ஜன்னலுக்குக் கீழே உள்ள முக்காலி என்னுடையது.

ஆள் உயரம் கம்மி. தோள் மட்டும் கதவளவு இருக்கும். முப்பது வருஷம் கவுண்டி நிர்வாகத்தின் சாலை செப்பனிடும் வண்டியை ஓட்டியவர். மண்சாலையில் குழியைப் பார்ப்பது போலத்தான் அண்டாவையும் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். மழைக்காலத்திலும் அரைக்கால் சட்டைதான். சூப்பை நாக்கில் வைத்துப் பார்த்து நான் கண்டதில்லை. அவருக்குக் காதுதான் நாக்கு. கொதி அதிகமானால், "கத்தவிடாத, பேசவிடு" என்று அடுப்பைத் தணிப்பார். கொதி அடங்கிப்போனால், "என்ன, கோவமா?" என்று அண்டாவைத்தான் கேட்பார், அடுப்பைக் கவனிக்காத எங்களை அல்ல.

பூஹா என்ற கசப்புக் கீரையைக் கழுவுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தண்டிலுள்ள கசப்புப் பால் வெளியேறும் வரை தண்ணீருக்கடியில் துணி துவைப்பது போலத் தேய்க்க வேண்டும். மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும். அவருடைய அக்காள் மகள் மிரியாமா கிவிப்பழம் கட்டும் கொட்டகையில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவள், நாற்பத்தைந்து வயது, யாருக்கும் அடங்காத வாய். அவள் ஒருநாள் சொன்னாள்: "மாமா, இத்தன தேச்சா கீரையில ஒண்ணும் இருக்காது. வெறும் பச்சைத் துணிதான்." ஹாமியோரா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "துக்கத்துக்கு வர்றவன் வீட்லேயே கசப்பைக் குடிச்சிட்டுத்தான் வர்றான். நாம வேற ஊத்தணுமா?"

அவருடைய பெரியப்பா மகன் ஐஹாயா எங்கள் தரப்பின் பேச்சாளர். முற்றத்தில் முன்வரிசை நாற்காலி அவருடையது. பேசி முடித்த களைப்போடு பரிமாறும் ஜன்னலில் தலையை நீட்டி, "டேய் தம்பி, இன்னிக்கும் அதே கழுநீர்தானா?" என்பார். "நீங்க முன்னாடி விடுற கதைய விட இதுல சத்து அதிகம்ணே" என்று இவர் கிண்ணத்தைத் தள்ளுவார். நாற்பது வருஷமாக இதே பேச்சு. ஐஹாயா இரண்டாம் கிண்ணம் வாங்காமல் போனதும் இல்லை. ஹாமியோரா அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டதும் இல்லை. எல்லோரும் எழுந்த பிறகு, கழுவும் தொட்டியருகே நின்றபடி, ரொட்டியின் ஓரத்தால் அகப்பையை வழித்துத் தின்பார். அதுதான் அவருக்குச் சாப்பாடு.

அடுக்களையில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. அவர் வைத்தது என்பதும் சரியில்லை. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், ஆனால் அவர் அளவுக்கு அதைக் காத்தவர் இல்லை. சாவு வீட்டார் அடுக்களைக்குள் வரக்கூடாது. துக்கம் நடக்கும் மூன்று நாளும், முற்றத்தை ஒட்டி உடல் கிடத்தியிருக்கும் பொதுவீட்டில், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கதிர் சாய்ந்த பிறகு கூடத்துக்கு வந்து மற்றவர் போடுவதைச் சாப்பிட வேண்டும். மீன்பிடிக்கிற தானியேரா, தாய் இறந்த அன்று கை சும்மா இருக்க மாட்டாமல் கத்தியோடு உள்ளே வந்துவிட்டான். ஹாமியோரா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை வாங்கினார். "இங்க நூறு கை இருக்குடா. உங்கம்மாவுக்கு மகன் நீ ஒருத்தன்தான். போ" என்று வாசல் வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். அவ்வளவு பெரிய ஆள் அழுதுகொண்டே போனான்.

வீட்டில் அவர் சூப் வைத்தால் அது வேறு கூத்து. எட்டுப் பேருக்குக் குறைந்த சூப் அவர் கைக்கு வராது. போன இலையுதிர் காலத்தில் மனைவி ரிபெகா நுரையீரல் நோயோடு படுத்தபோது அவளால் விழுங்க முடிந்தது சூப் ஒன்றுதான். தினமும் விடிந்ததும் வைப்பார். பாத்திரத்தைப் பார்த்துவிட்டு அவள், "என்ன, பஸ் எதுவும் வருதா?" என்பாள். மூன்று கரண்டி குடிப்பாள். மீதி எங்கள் வீட்டுக் கதவுகளைத் தேடி வரும். அவளுக்கு மட்டும் கீரையைத் தேய்க்க மாட்டார். கசப்பாக இருந்தால்தான் நாக்கில் ஏதோ பட்டது போல் இருக்கிறது என்று அவளே சொல்லியிருந்தாளாம். இந்த ஆற்றுவெளி முழுக்க அறிந்த குரல் அவளுடையது. முப்பத்தெட்டு வருஷம் எங்கள் முற்றத்தில் நின்று விருந்தாளிகளை அழைத்தவள் அவள்தான். கடைசி மாதத்தில் அந்தக் குரலில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம்கூட இல்லை. அவர் காதை அவள் உதட்டருகே கொண்டுபோவார். அதே இடது காது.

எங்கள் குளிர்காலமான ஜூலையில், நல்ல மழையில், அவள் இறந்தாள்.

அன்று ஹாமியோரா வழக்கப்படி நடந்துகொண்டார். ஆஸ்திரேலியச் சுரங்கத்திலிருந்து வந்த இரண்டு மகன்களோடு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். முழுச் சட்டை போட்டிருந்தார். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். சாயங்காலம் கூட்டிவந்தபோது மேசை வரை வந்து, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். "பசிக்கல." ஐஹாயா அன்று கழுநீர் என்று ஒன்றும் சொல்லவில்லை.

அடுக்களை மிரியாமாவிடம் இருந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். பத்து வருஷம் அவருக்கு வலப்புறம் நின்றவள். ஆனாலும் முதல் நாளே ஏதோ சரியாக இல்லை. அழைப்புக் குரல் எழும். அகப்பையை உயர்த்துவாள். நாங்கள் அடங்குவோம். ரிபெகாவின் இடத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை நின்று அழைத்தாள், நல்ல குரல்தான். மிரியாமா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றாள். "இதுல எத்தன பேருன்னு அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?" யாரோ, சரளைக் கல்லில் கேட்கும் காலடியை வைத்துச் சொல்வார் என்றார்கள். மழையில் சரளை சத்தமே போடவில்லை.

இரண்டாம் நாள் பத்து மணிக்கு வடக்கிலிருந்து மூன்று பஸ். ரிபெகாவின் தாய்வழிச் சொந்தம். எங்களுக்கு அது தெரியாது. ஒரு ஜக்கு ஊற்றினோம்.

முற்றத்தில் நடந்ததை என் கணவர் பிறகு சொன்னார். கூட்டம் முற்றத்துக்குள் வந்ததும், வாசலுக்கு நேரே உடலருகே உட்கார்ந்திருந்த ஹாமியோரா அடுக்களை இருந்த பக்கம் திரும்பி, தோளுக்கு மேலே மூன்று விரலை நீட்டினாராம். எங்களுக்குச் சைகை. ஆனால் அங்கிருந்து அடுக்களைக்கு எதுவும் தெரியாது. வந்தவர்களின் கிழப் பேச்சாளர் அதைப் பார்த்துவிட்டார். ஊன்றுகோலைத் தரையில் தட்டி, "பாருங்க! மூணு விரலக் காட்டுறாரு! அம்மா வீட்டுல ஒரு வாழ்க்கை, புருஷன் வீட்டுல ஒரு வாழ்க்கை, இப்போ மூணாவதுக்குப் போறா எங்க பொண்ணு!" என்று ஆரம்பித்து, அதை வைத்தே அரைமணி நேரம் பேசிவிட்டார். கூட்டம் விம்மியது. ஹாமியோராவின் விரல்கள் மட்டும் இறங்கவில்லையாம். பதில் பேச எழுந்த ஐஹாயாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் எழுந்து நின்று, "அது சூப்புக்குத் தண்ணி" என்று எப்படிச் சொல்வது?

சாப்பாட்டுக்கு மணி அடிக்கக் கால்மணி இருக்கும்போது அடுக்களைக் கதவில் நிழல் விழுந்தது. ஹாமியோரா. சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. பின்னால் ஐஹாயா குடையைப் பிடித்துக்கொண்டு, "டேய், வேணாம்டா, எல்லாரும் பாக்குறாங்கடா" என்றபடி மூச்சிரைக்க வந்தார்.

மிரியாமா அகப்பையோடு போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"மூணு பஸ்" என்றார். "எத்தன ஊத்துன?"

"ஒண்ணு."

"ஐயோ. நகரு. நான் ஒண்ணும் தொட மாட்டேன். நின்னு சொல்றேன், நீங்க செய்யுங்க."

"மூணு பஸ்னு சொல்லிட்டீங்கல்ல, நாங்க பாத்துக்கறோம். போங்க மாமா."

"அடுத்தது வந்தா? சாயங்காலம் வந்தா? உனக்கு யாரு சொல்லப்போறா?"

"உங்களுக்கு மட்டும் யாரு சொன்னா இத்தன வருஷமா?" மிரியாமாவின் குரல் உயர்ந்துவிட்டது. "சொல்லித் தொலைச்சிருந்தா நாங்களும் கத்துக்கிட்டிருப்போம்ல?"

மழை அவர் தலையிலிருந்து காதோரமாக வழிந்தது. பிறகு கையைப் பின்னால் நீட்டி, உடல் கிடந்த வீட்டைக் காட்டினார்.

"அவதான். கூப்பிட்டு முடிக்கும்போது கடைசி மூச்ச இழுப்பா. ஒரு இழுப்புன்னா ஒரு பஸ். ரெண்டு இழுத்தா ரெண்டு. கல்யாணமான வருஷம் ஒரு தடவ சூப் பத்தாமப் போச்சு, எனக்குப் பெரிய அவமானம். அன்னிக்கு ராத்திரி அவளாச் சொன்னா, இனிமே நான் சொல்றேன், நீ கேட்டுக்கோன்னு."

நாங்கள் யாரும் கத்தியை அசைக்கவில்லை. அந்த நீண்ட இழுப்பைக் கேட்டுக் கண்ணீர் விடாத விருந்தாளி கிடையாது. தெற்கிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து அதைக் கற்றுக்கொள்ளப் பார்த்தார்கள்.

"நகரும்மா" என்றார், மிகத் தணிந்து. "அங்க என்னால ஒண்ணும் செய்ய முடியல. சும்மா உக்காந்திருக்கேன். இந்தக் கைய வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

மிரியாமா நகரவில்லை.

"நீங்க இங்க வந்துட்டா அத்த பக்கத்துல யாரு?"

அவர் அவளைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். அடுப்பு அதிகமாகி அது கத்திக்கொண்டிருந்தது. வாசற்படிக்கு வெளியே இருந்த கால் வெளியேதான் இருந்தது. திரும்பினார். ஐஹாயா குடையை அவர் தலைக்கு மேல் பிடித்து, தான் நனைந்துகொண்டு கூட நடந்தார்.

அவர் போனதும் மிரியாமா இரண்டு ஜக்குத் தண்ணீரைச் சேர்த்து ஊற்றினாள். கைவசம் வெந்த எலும்பு இல்லை. கிழங்கு வேக நேரமில்லை. கிண்ணங்கள் போயின, யாரும் குறை சொல்லவில்லை, துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் பரிமாறும் ஜன்னல் வழியாகக் கிண்ணத்தைத் தள்ளும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளிறிய சூப். அடியில் கிடந்த மாவு உருண்டை மேலிருந்தே தெரிந்தது.

கதிர் சாய்ந்ததும் சாவு வீட்டாரைக் கூட்டிவந்தார்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே உள்ள மேசையில் ஹாமியோராவை நடுவில் உட்காரவைத்தார்கள். இரு பக்கமும் மகன்கள். அந்தச் சூப்பை அவருக்கு வைக்கலாமா என்று அடுக்களையில் ஒரு தகராறு. ரொட்டியும் இறைச்சியும் மட்டும் கொடுப்போம் என்றேன் நான். மிரியாமா, "எல்லாருக்கும் குடுத்ததத்தான் அவருக்கும் குடுக்கணும்" என்று தானே ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து கழுவும் தொட்டியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

அவர் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். கரண்டியால் ஒருமுறை கிளறினார். எவ்வளவு தண்ணீர், எப்போது ஊற்றியது, எந்த அவசரத்தில் ஊற்றியது என்றெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கும். மூத்த மகன், "வேணாம்னா விடுப்பா" என்றான். அவர் கரண்டியை வைத்துவிட்டுக் கிண்ணத்தையே இரு கையாலும் தூக்கி வாயில் வைத்தார். நிறுத்தாமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. கீரையை விரலால் தள்ளி விழுங்கினார்.

ஐஹாயா தன் கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டார்.

ஹாமியோரா எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு, ஈரச் சட்டையோடு, பரிமாறும் ஜன்னலுக்கு அந்தப் பக்கமாக வந்து நின்றார். உள்ளே எங்கள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாம் கிண்ணத்துக்கு ஐஹாயா நீட்டுவது போல, காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஜன்னலுக்குள் நீட்டினார்.