ஒரு முழம் பொத்தைப் பூ

விசாரணைக்கு வரும் அதிகாரி மனுதாரர் வீட்டாரிடமிருந்து எதையும் கைநீட்டி வாங்கக் கூடாது. நடத்தை விதி அப்படித்தான் சொல்கிறது. வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த விதியை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஓர் அதிகாரியை அதை மீற வைத்தவளும் நானே என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு பொத்தை இருந்தது. மலை என்று சொல்ல முடியாத பாறைக்குன்று. அதை வெடிவைத்து ஜல்லியாக்க ஏற்பாடு நடந்தது. கல்லூரியில் தாவரவியல் நடத்திய சித்தப்பா அதைத் தடுக்க மனுப் போட்டிருந்தார். காரணம் ஒரு பூ. பொத்தையின் உச்சியில், பாறை இடுக்கு மண்ணில், கழுத்து ஒடுங்கிய கூஜாபோலச் சுண்டுவிரல் நீளத்தில் வெளிர்பச்சையாக, ஐப்பசி மழைக்குப் பின் சில நாட்கள்தான் பூக்கும். அவர் தேடியவரை வேறெங்கும் அது இல்லை. பூ இல்லாவிட்டால் அந்தச் செடியைப் புல்லிலிருந்து பிரித்துச் சொல்ல அவராலேயே முடியாது.

பல நினைவூட்டல்களுக்குப் பிறகு, அதிசயமாக, பூத்திருக்கும்போதே அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை சித்தப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவரை அழைத்துவர பஸ் நிறுத்தத்துக்குப் போனார். நான் வாழைநாரோடு பொத்தை ஏறினேன். பெரிய மனிதர்களை வெறுங்கையோடு வரவேற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. எல்லாவற்றையும் பறித்து நெருக்கமாகக் கட்டியும் ஒரு முழம்தான் வந்தது.

அவர்கள் உச்சிக்கு ஏறிவந்ததும் சரத்தை நீட்டினேன். அதிகாரி சிரித்தபடி வாங்கி முகர்ந்தார். "வாசமே இல்லையே பாப்பா" என்றார்.

கூட வந்த தலையாரி பாறையைச் சுற்றிவந்தார். "வெறும் புல்லுதான் கெடக்கு சார்வாள். எந்தப் பூவைச் சொல்லுதிய?"

பின்னால் ஏறிவந்த சித்தப்பா அப்போதுதான் அந்தச் சரத்தைப் பார்த்தார். கிட்டே வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். அப்படியொரு முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, இதை எங்கன பறிச்ச?"

"இங்கனதான் சித்தப்பா. ஒண்ணுகூட விடல."

அவர் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுதான் சார் அந்தப் பூ!"

"இருக்கலாம் சார். செடியில இருந்தாத்தான் பார்த்தேன்னு எழுத முடியும். பிள்ளை கையில இருந்ததை எப்படி எழுத?"

"கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கு. அடுத்த வருசம் பூக்கும்."

"அப்ப அடுத்த வருசம் ஒரு மனுப் போடுங்க."

தலையாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க மனுவை உங்க வீட்டுப் பிள்ளையே தள்ளுபடி பண்ணிட்டுல்லா சார்வாள்!"

இறங்கும்போது சித்தப்பா என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்தபடி இறங்கினார். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஏறிவந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மாசிக் கடைசியில் முதல் வெடி வைத்தார்கள். வகுப்பை விட்டு எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். உச்சி இருந்த இடத்தில் வானம் இருந்தது. அன்று மாலை சித்தப்பாவிடம் போய், அடுத்த வருசம் நான் ஒரு பூவைக்கூடத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு எழுந்து உள்ளே போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரில் நடத்திய தலப்பார்வையில் அத்தகைய செடி ஏதும் காணப்படவில்லை என்ற பதில் அவருக்கு வந்து சேர்ந்தது பங்குனி மூன்றாம் தேதி.