மஹய்யாவ கால்களுக்கு வாங்கிய துணி

துணி யாருக்கு என்று இன்று காலை நான் சொல்லவில்லை.

கண்டி கடைவீதியில் பன்னிரண்டு முழம் வெள்ளைத் துணி கேட்டேன். "வீட்டுல யாருக்கும் காயமா புள்ள?" என்றார் கடைக்கார நானா.

"இல்ல நானா."

அளந்துகொண்டே பேசினார். "இண்டைக்குக் கடைசி மெச். வெண்டா மஹய்யாவ பொடியனுகள் முதலாம் பிரிவுக்குப் போவாங்களாம். பூட்ஸ் போட்ட டீமுக்கு முன்னால வெறுங்காலோட என்னத்த வெல்ல?"

ஆறு பருவங்களாக இரண்டாம் பிரிவிலேயே கிடந்த எங்கள் மஹய்யாவ ஊர்க் கால்பந்து அணிக்கு என் அண்ணன்தான் தலைவன். மைதானத்துக்கு வந்து, துணியைக் கீற்றுகளாகக் கிழித்துக் கொடுத்தேன். பதினொரு பேரும் பாதங்களில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

மதியம் நல்ல மழை. சேற்றில் பூட்ஸ்கள் வழுக்கின. எங்களவர்களின் கால்விரல்கள் நிலத்தைப் பற்றிக்கொண்டன. இரண்டுக்கு ஒன்று. இரண்டாவது கோலை அண்ணன் போட்டான்.

அவனைத் தோளில் தூக்கியவர்களில் அந்த நானாவும் இருந்தார். முகத்துக்கு நேரே தொங்கிய அண்ணனின் காலில் சேறு படிந்த துணிக்கட்டைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைப் பார்த்தார்.

"எங்கட கடைத் துணிதானே புள்ள இது?"

வெற்றியில் அவருக்கும் பங்கு கொடுப்பதா? நீங்களே சொல்லுங்கள்.

மைதானத்தைச் சுற்றி முடியும்வரை அவர் அண்ணனை இறக்கவில்லை.