ஏழு கிலோவும் ஒரு குழவிக்கல்லும்

என் வாழ்க்கையில் பெட்டி என்று ஒன்று இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தை இரண்டாம் படிவத்தோடு விட்டுவிட்டுக் கரங்கான் பக்கம் செம்பனைக் குலை ஏற்றப் போனபோது ஒரு பிளாஸ்டிக் பை. பிறகு ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று எங்கே வேலை கிடைத்தாலும் முதுகில் ஒரே பை. அதனால் விமானத்தில் ஏழு கிலோவுக்கு மேல் கையில் கொண்டுபோக முடியாது என்று தங்கையின் செய்தியில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் சொத்து மூன்று கிலோ தேறாது.

தங்கை கடலுக்கு அந்தப் பக்கம், சரவாக்கில், கூச்சிங்கில் இருக்கிறாள். கூலிம் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்த சரவாக்காரனைக் கட்டிக்கொண்டு போனாள். போன அன்று அம்மா, "இனிமே இந்த வாசப்படி ஏறாதே" என்றார். அவளும் ஏறவில்லை. மூன்றரை வருடம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிள்ளை பிறந்ததும் படத்தை எனக்குத்தான் அனுப்பினாள். அப்போது நான் வேலையில்லாமல் லூனாஸில் அம்மா வீட்டில் கிடந்தேன். அம்மா கைத்தொலைபேசியை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"காது நம்ம காது" என்றார். பிறகு, "முப்பது எப்பக் கும்பிடுறாளாம்?"

முப்பதாம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு நான் போவதாக இருந்தது. டிக்கெட்டைத் தங்கையே வாங்கி அனுப்பியிருந்தாள். மிக மலிவான டிக்கெட். விமானத்தின் அடியில் பை போட அதில் இடமில்லை, கையில் ஏழு கிலோ மட்டும்.

மறுநாளிலிருந்து அம்மா சாமான் சேர்க்க ஆரம்பித்தார். பூண்டு, திருக்கைக் கருவாடு, ஒரு பெரிய புட்டி நல்லெண்ணெய், பிள்ளைக்குக் கடையில் வாங்கிய புதுச் சட்டைகள். முழங்கால் வலியோடு அடுப்படியில் நின்று பிரசவ லேகியம் கிண்டினார். எல்லாவற்றையும் எனக்குக் காட்டிக் காட்டிப் பைக்குள் வைத்தார். கடைசியில் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருந்த அம்மிக் குழவியை எடுத்துக் கழுவி, மஞ்சள் தடவி, பழைய துண்டில் சுற்றி நடுவில் வைத்தார்.

எங்கள் வீட்டில் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதற்கு முன் குழவியைப் போட்டு மூன்று ஆட்டு ஆட்டுவார்கள். பிள்ளை கல்லைப்போல நோய் நொடி இல்லாமல் கிடக்க வேண்டும் என்று. நானும் தங்கையும் அந்தக் குழவிக்குப் பிறகு படுத்தவர்கள்தான். ஒரு முனையில் சில்லுப் போயிருக்கும். சின்ன வயதில் தங்கை கீழே போட்டு உடைத்தது.

"கல்லு வேணாம்மா. பாரம்."

"மத்தது போனாலும் போவட்டும். கல்லு போய்ச் சேரணும்."

"நீங்க குடுத்தீங்கன்னு சொல்றேன்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். கல்லப் பாத்தா அவளுக்குத் தெரியும்."

அவ்வளவுதான் அம்மாவால் முடிந்தது. மன்னிப்பு, வா என்ற அழைப்பு எல்லாமே அந்தக் கல்தான். எனக்கும் அது புரிந்தது.

பையை எங்கே நிறுப்பது? ரப்பர் மரத்துக் கட்டிப்பாலை எடைபோட்டு வாங்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அம்மா முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி அங்கே விற்றவர். எந்தப் பாரமும் அவருக்கு அந்தத் தராசில் ஏறினால்தான் பாரம். கடைக்காரர் கொக்கியில் பையை மாட்டினார். முள் சரியாக ஏழில் நின்றது.

"ஏழுதான்கா. கப்பல்ல ஏத்துறீங்களா?"

"பிளேன்ல. பேரப்புள்ளைக்கு."

"அப்படின்னா நம்ம தராசுக்கும் ஒரு முட்டாய் வாங்கியாரச் சொல்லுங்க."

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களுக்கு அப்போது ஞாபகம் வராதது ஒன்று உண்டு. கட்டிப்பாலில் தண்ணீர் இருக்கும் என்று அந்தக் கடையில் முள்ளை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்திருப்பார்கள். அம்மா ஆயுள் முழுவதும் திட்டிய தராசு அது. விற்கப் போகும்போதெல்லாம் குறைவு கண்ணில் பட்டது. அன்றைக்குக் குறைவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது, அதனால் படவில்லை.

பினாங்கு விமான நிலையத்தில் அந்தப் பை ஒன்பது கிலோவுக்கு மேல் காட்டியது. கவுண்டரில் இருந்த பெண் மறுபடியும் வைக்கச் சொன்னாள். மறுபடியும் அதே. அடியில் போட டிக்கெட் விலைக்கு மேல் கேட்டார்கள். என் கையில் அவ்வளவு இல்லை. தங்கையிடம் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். என் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். கால்சட்டையும் இரண்டு. இன்னும் பாரம் இறங்க வேண்டும். கல்லைத் தொட எனக்கு மனமில்லை. எண்ணெய்ப் புட்டியையும் லேகியப் புட்டியையும் வெளியே எடுத்தேன். கூட்டிக்கொண்டிருந்த தமிழ் அக்கா ஒருவர் துடைப்பத்தை ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னா தம்பி, கடை பரப்பிட்டே? யாவாரமா?"

"பாரம் கூடிப்போச்சுக்கா. இத நீங்க எடுத்துக்குங்க."

அவர் லேகிய மூடியைத் திறந்து முகர்ந்தார். "புள்ள பெத்தவளுக்குக் கிண்டுனதா? இதப் போயி குடுத்துட்டு எதத் தூக்கிட்டுப் போற?"

"கல்லு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று சட்டை போட்டவனிடம் வேறென்ன கேட்பது. புட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பை ஏழுக்குள் வந்தது. சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். பெரிய வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து எக்ஸ்ரே இருந்தது.

காவலுக்கு இருந்த மலாய்ப் பெண் பையைத் தனியே இழுத்து, துண்டை அவிழ்த்து, மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்தாள். என்ன இது என்று கேட்டாள். குழந்தைக்கு என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டாள். அவன் தூக்கிப் பார்த்து, ஒருவர் தலையில் அடித்தால் என்ன ஆகும் என்பதுபோலக் கையை ஓங்கிக் காட்டினான்.

"தாக் போலே, பாங்" என்றாள் அந்தப் பெண். முடியாது அண்ணே என்று. குரலில் கோபம் இல்லை. வெளியே யாராவது இருந்தால் கொடுத்துவிட்டு வரலாம் என்றாள். எனக்கு வெளியே யாரும் இல்லை. விமானத்துக்குக் கூப்பிட்டாகிவிட்டது. கத்தரிக்கோல்களும் லைட்டர்களும் கிடந்த தொட்டியில் கல்லை வைத்தாள். துண்டை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

கல்லுக்காக மற்றதைக் கொடுத்தேன். பிறகு கல்லையும் கொடுத்தேன். கூச்சிங்கில் இறங்கியபோது பையில் பூண்டும் கருவாடும் விலைச்சீட்டுப் பிரிக்காத சட்டைகளும் இருந்தன. எந்தக் கடையிலும் கிடைக்கிற சாமான்கள்.

அம்மா சொல்லக்கூடாது என்றதையும் மீறித் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"குழவியா? ஏர்போர்ட்லயா?"

"ஆமா. மஞ்சளெல்லாம் தடவி."

"அண்ணே, நீ ஜொகூர்ல இருந்துகிட்டே சிங்கப்பூர்ல இருக்கேன்னு ரெண்டு வருசம் சொன்னவன்லா."

"இது அது இல்ல."

"இந்தச் சட்டையெல்லாம் நீ வாங்குனது. எனக்குத் தெரியும். நல்ல மனசுதான். ஆனா அம்மா பேர்ல சொல்லாதே. எனக்குக் கஷ்டமா இருக்கு."

மறுநாள் முப்பது கும்பிட்டார்கள். தொட்டிலில் நேராகப் பிள்ளையைப் போட்டார்கள். தங்கையின் மாமியார் ஏதோ பாட்டு முனகி ஆட்டினார். நான் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"கல்லு எங்க? போட்டாளா?"

"ஏர்போர்ட்ல புடிச்சிட்டாங்கம்மா. உள்ள விடல."

"வேணான்னுட்டாளா?"

"இல்லம்மா. சத்தியமா."

"அவளுக்கு முட்டுக் குடுக்காதே. ஒரு கல்லுல பிளேன் வுழுந்துருமா? யாருகிட்ட சொல்ற?"

போனைத் தங்கையிடம் நீட்டினேன். அவள் திரையில் அம்மா என்று இருந்ததைப் பார்த்தாள். நான்தான் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லிக் கெஞ்சினேன் என்று நினைத்தாளோ என்னவோ, பிள்ளையைக் குளிக்க வைக்க வேண்டும் என்று எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்ததும் பினாங்கில் கேட்டுப் பார்த்தேன். அப்படி எடுத்ததையெல்லாம் வைத்திருப்பதில்லை என்றார்கள்.

இப்போது பெண்டாங் பக்கம் ஒரு நெல் ஆலையில் மூட்டை அடுக்குகிறேன். மாதம் ஒரு முறை லூனாஸ் போவேன். பிள்ளை நடக்கிறது. தங்கை எனக்குப் படம் அனுப்புகிறாள், நான் அம்மாவிடம் காட்டுகிறேன், அம்மா பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுக்கிறார். பிறகு ஏதாவது வேலையைச் செய்துகொண்டே, "எதாச்சும் சொன்னாளா?" என்பார். தங்கையும் போனில் கடைசியாக அதைத்தான் கேட்பாள். இருவரிடமும் இல்லை என்கிறேன். அதை மட்டும் இரண்டு பேரும் உடனே நம்புகிறார்கள்.